கவையில் தூங்கிய ராஜேந்திரன்

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, தரையிலிருந்து இருபத்தைந்தடி உயரத்தில் ராஜேந்திரன் தூங்கிப்போனார்.

புளி உலுப்பப் போயிருந்தார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து எங்கள் மலை ஊருக்கு வரும் மண்பாதையின் இரண்டு பக்கத்து மரங்களையும் வருஷா வருஷம் தேவராஜ் குழுதான் உலுப்புகிறது. தேவராஜ், ராஜேந்திரனின் மனைவி சகுந்தலாவுக்குத் தம்பி. இரண்டு மூன்று ஆண்கள் கொக்கி வைத்த தொரட்டிக் கம்போடு மேலே ஏறுவார்கள். பெண்கள் கீழே பொறுக்குவார்கள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கிளை மாறும்போதெல்லாம் ‘ஓவ்’ என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே அதற்கென்று நிற்கும் ஆள் ‘ஓ’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அடுத்த கிளையில் கால் வைக்கக் கூடாது. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஏறவே கூடாது.

அன்றைக்கு ராஜேந்திரனின் மரத்திலிருந்து வெகு நேரமாகக் குரல் வரவில்லை. பழமும் விழவில்லை. கிர்ர் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இன்னாடி அது, மேல வண்டு கூடு எதுனா கீதா?” என்று பச்சையம்மா கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள்.

சகுந்தலா அண்ணாந்து பார்க்கவில்லை. பொறுக்கிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

“வண்டு இல்லக்கா. எங்க வூட்டு ஆளு.”

ராஜேந்திரன் கிளை பிரியும் ஒரு பெரிய கவையில் உட்கார்ந்து, தாடை நெஞ்சில் இடிக்க, தொரட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடக் கூடாது என்று தேவராஜ் கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். தன் துண்டையும் இடுப்பு வேட்டியையும் முடிச்சுப் போட்டு மாமாவின் இடுப்பைக் கிளையோடு சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்து, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் காதருகே போய், “மாமா” என்றார்.

“இன்னா மச்சான், கஞ்சி வந்துடுச்சா?” என்று கண்ணைத் திறந்தார் ராஜேந்திரன்.

கீழே இறங்கி வந்ததும் பெண்கள் சிரித்தார்கள். டிராயரோடு இறங்கிய தேவராஜைப் பார்த்தும் சிரித்தார்கள். தேவராஜ் சிரிக்கவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“மாமா, இனிமே நீ ஏறாத.”

ராஜேந்திரன் தொரட்டியைத் தோளில் சாய்த்தபடி நின்றார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சீத்தா மரமும் ஒரு கோழிக்கூடும்தான். அவருடைய குறட்டையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஊரில் அவருக்கு ரைஸ் மில் என்று பெயர். நாற்பத்தேழு வயது. ஒல்லியான ஆள், கழுத்து நீளம், கீழ்த்தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். ஒன்றரை ஏக்கரில் சாமை போடுகிறார். இளம் வயதில் குடகுக்குப் போய்ச் சில்வர் ஓக் மரங்களில் மிளகு பறித்திருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகி ஒடுகத்தூரில் இருக்கிறாள்.

எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்கியிருக்கிறார். சம்பந்தி வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கும்போது தூங்கி, மகளுக்குத் தேதி குறித்ததே அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதனால் தரையில் அவர் சொல்லும் எதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மரத்தில் மட்டும் வேறு. எந்தக் கிளை தாங்கும், எதில் கால் வைத்து உலுக்கினால் காய் தங்கிப் பழம் மட்டும் உதிரும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்காலில் தெரியும். மேலே இருந்து அவர் ‘தள்ளி நில்லு’ என்றால் தேவராஜ்கூடத் தள்ளி நிற்பார். வருஷத்தில் இரண்டு மாதம்தான் அந்த மரியாதை. அதுதான் அன்றைக்குப் போனது.

முதலில் ராத்திரியில் முனி மூச்சைப் பிடிக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு தூக்கம் வராமலிருக்கக் காப்பி, பிறகு புகையிலை. ஆவணி மாதம் வண்டியின் பின்சீட்டில் தூங்கிச் சரிந்து முழங்கை பெயர்ந்தது. கட்டுப் போட்ட ஜமுனாமரத்தூர் டாக்டர் முழங்கையைவிடத் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். கேட்டுவிட்டு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு ராத்திரி முழுக்கத் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். காலையில் தேவயானி என்ற டெக்னீஷியன் பெண் காகிதச் சுருளோடு வந்தாள். கண்ணமங்கலத்துக்காரி. பேச்சில் அது தெரிந்ததும் சகுந்தலாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“ஒரு மணி நேரத்துக்கு நாப்பத்தோரு தடவ உங்களுக்கு மூச்சு நிக்குதுங்க.”

“அப்பறம்?” என்றார் ராஜேந்திரன்.

“அப்பறம் மூள உங்கள எழுப்பி வுடுது. மூச்சு வருது. நீங்க எழுந்தது உங்களுக்கே தெரியாது.”

“அப்போ நான் தூங்கறதே இல்லியா?”

“படுக்கறீங்க. தூங்கறதில்ல.”

இருபது வருஷமாகத் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கிய மனிதர் அந்தக் காகிதச் சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சகுந்தலாதான் பேசினாள்.

“எனுக்குத் தெரியும்மா. நின்னுச்சுன்னா நான் எண்ணுவேன். இருவது எண்றதுக்குள்ள வந்துரும். ஒரு நாளு முப்பத்தஞ்சு வரைக்கும் போச்சு. அன்னிக்கு ஒதைச்சுட்டேன்.”

“நல்லது பண்ணீங்க,” என்றாள் தேவயானி.

தாடை உள்ளே இருப்பதால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது, மெஷின் காற்றை அழுத்தி அனுப்பி வழியைத் திறந்து வைக்கும் என்று விளக்கினாள். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய மெஷின். அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கை மூடும் ஒரு மாஸ்க்.

“ஆக்சிஜனாம்மா?” என்றாள் சகுந்தலா.

“இல்லீங்க. சாதா காத்துதான். உங்க வூட்ல இருக்கற காத்த இழுத்து உங்களுக்கே குடுக்கும்.”

டாக்டரிடம் ராஜேந்திரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மரம் ஏறலாமா? மூன்று மாதம் தினமும் போட்டுத் தூங்கிவிட்டு வாருங்கள், பிறகு சொல்கிறேன் என்றார் டாக்டர். எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்பதை மெஷினே எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அணைத்தால் அந்த எண் திரையில் வரும். மெஷின் ஆஸ்பத்திரியுடையது. போடாமல் சும்மா வைத்திருந்தால் வேறு நோயாளிக்குப் போய்விடும்.

கார்த்திகை மாதம் மெஷின் மலைக்கு வந்தது. முதல் நாள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு திரும்பியவரைப் பார்த்து, “யானக்குட்டியாட்டம் கீற,” என்று சகுந்தலா சிரித்தாள். மூக்கில் காற்று தள்ளும்போது வாயைத் திறந்தால் காற்று வாய் வழியாகப் பீறிடும். அதனால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சத்தம் இல்லாததால் அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாலைந்து முறை எழுந்து அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துப் பார்த்தாளாம். எங்கள் வீட்டிலும் அப்பா எழுந்து வெளியே போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

ஒரு வாரத்தில் காலைத் தலைவலி போனது. இரவில் மூன்று முறை எழுந்து ஒதுங்கப் போவது நின்றது. பத்தாம் நாள், வாரச் சந்தைக்குப் போய் வந்த பஸ்ஸில் முழுக்க விழித்தபடியே வந்ததாக அவரே வந்து சொன்னார். “வழில ஒரு பாலம் கீதுப்பா. இத்தினி வருசமா நான் பாத்ததே இல்ல.”

ஐந்து, ஆறு, ஐந்தரை. எண்கள் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. மார்கழியில் குறைந்தன.

எங்கள் பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் கட்டியிருப்பார்கள். விதைச் சாமை, கேழ்வரகு, சோளக்கதிர் எல்லாம் அதில்தான். புகை பட்டால் பூச்சி அண்டாது, எலி வராது, ஈரம் ஏறாது. வீட்டுப் பட்டாவும் சாதிச் சான்றிதழும்கூட ஒரு தகரப் பெட்டியில் அங்கேதான் இருக்கும். வீட்டில் போனால் திரும்பக் கிடைக்காத பொருள் எதுவோ அது பரணுக்குப் போகும்.

சகுந்தலா மெஷினைப் பரணில் வைத்தாள். எலி குழாயைக் கடித்துவிட்டால் என்ன செய்வது? தினமும் ஈரத்துணியால் துடைத்து, பழைய புடவையில் சுற்றி, விதைச் சாமைக்குப் பக்கத்தில் வைப்பாள். மார்கழிக் குளிரில் எல்லோரும் அடுப்பு அறையில்தான் படுப்பார்கள். தணல் விடிய விடிய இருக்கும். அந்த மாதம் இரவிலும் மெஷினை இறக்கவில்லை. பரணின் தாழ்ந்த ஓரத்தில் அது ஓடும். குழாய் மட்டும் கீழே இறங்கி வந்து அவர் மூக்கில் முடியும்.

ராஜேந்திரனுக்கு இருமல் வந்தது. மாஸ்க்கைப் போட்டால் தொண்டை எரிந்தது, காற்று போதாதது போலிருந்தது. தூக்கத்திலேயே பிடுங்கிப் போட்டார். நாலு, இரண்டு, ஒன்று. தை பிறந்தபோது பழைய குறட்டை சீத்தா மரத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் கையிலிருந்து நழுவி உடைந்தது. அப்போது தேவராஜும் வரிசையில் இருந்தார். குனிந்து மண்ணை அள்ளி எண்ணெயின் மேல் போட்டார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தார்.

“மாமா, மாசி பாதில மரம் ஏறணும். உன் எடத்துக்கு வேற ஆள் சொல்லட்டா?”

“அந்த மெஷின் எனுக்கு ஒத்துக்கல மச்சான்.”

“அதக் கேக்கல.”

“ஒத்துக்கலன்னா நான் இன்னா பண்றது?”

“மெஷின் ஒத்துக்கலன்னா மரமும் ஒத்துக்காது,” என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்.

சகுந்தலாவுக்குக் கோபம் வந்தது. “போடா, பெரிய மேஸ்திரி. உன்ன இடுப்புல தூக்கினு அலஞ்சவ நானு,” என்றாள். ஆனால் தம்பி போன பிறகு, “அவன் சொல்றதும் சரிதானய்யா,” என்றாள்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. தை மூன்றாம் வாரம் இரண்டு பேரும் வேலூருக்குப் பஸ் பிடித்தார்கள். பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணமங்கலம் வரை தூங்கினார். அதன் பிறகும் தூங்கினார்.

அங்கே நடந்ததைச் சகுந்தலா இன்றைக்கும் யாராவது கேட்டால் நடித்துக் காட்டுவாள்.

தேவயானி புடவையைப் பிரித்ததும் மூக்கைச் சுருக்கினாள். மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு. அடுப்புக்கரியைப் போலிருந்தது.

“வூட்ல யாராச்சும் பீடி குடிப்பாங்களா?”

“அவுரு குடிக்க மாட்டாரு.”

“மெஷின எங்க வைக்கறீங்க?”

“நல்ல எடத்துலதாம்மா வச்சிருக்கறேன். பரண் மேல. எங்க வெதையே அங்கதான் கீது.”

“பரண்னா? அதுக்குக் கீழ இன்னா இருக்குது?”

“அடுப்பு.”

தேவயானி பஞ்சை மேஜையில் வைத்தாள். சிரிக்கவில்லை. அதுதான் தன்னை அதிகம் சுட்டது என்பாள் சகுந்தலா.

“அக்கா, இது வெத இல்லீங்க. அடுப்புல இருந்து வர்ற பொகைய இது இழுத்து, நேரா அவுரு மூக்குல வுட்டுனு இருந்திருக்குது. ஒரு மாசமா.”

ராஜேந்திரன் மனைவியைப் பார்த்தார். “அதான் எனுக்குப் பூச்சியே புடிக்கல,” என்றார்.

அப்போதுதான் தேவயானி சிரித்தாள். சகுந்தலா அழுதாள். பிறகு அவளும் சிரித்தாள். மெஷினைத் திருப்பித் தர வந்தவர்கள் புதுப் பஞ்சும், புதுக் குழாயும், மாற்றுவதற்கு நாலு பஞ்சுகளும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மெஷினைத் தலைக்கு மேலே வைக்கக் கூடாது, படுக்கையைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முந்தின ராத்திரி சரியாகப் போடாவிட்டால் மறுநாள் உயரத்தில் எந்த வேலையும் கூடாது. கடைசியாகச் சொன்னதை டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

குளிரென்றாலும் இனி முன்னறையில்தான் படுக்கை. பாயை இரண்டடுக்குப் பலகையின் மேல் போட்டு, ராத்திரியில் மெஷினைத் தரையில் வைத்தார்கள். ஆனால் பகலில் மெஷினை எங்கே வைப்பது? தரையில் வைத்தால் எலி. பெட்டிக்குள் வைத்தால் குழாய் காயாது, பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் யோசித்துச் சகுந்தலா முன்னறை விட்டத்தில் ஒரு நூல்புடவையால் தூளி கட்டினாள். மகளுக்குக் கட்டிய அதே கொக்கியில். அதில் மெஷினைப் போட்டு, குழாயை மேலே மடித்து வைத்தாள். அடுத்த வாரம் கேழ்வரகு கடன் கேட்க வந்த பச்சையம்மா வாசலிலேயே நின்றாள்.

“யாருக்குடி கொழந்த? சொல்லவே இல்ல.”

“எனுக்குத்தான்.”

“இந்த வயசுலயா?”

“உள்ள வந்து பாரு. அப்பன் மூக்கும் முழியுமா கீது.”

எண்கள் ஏறின. நாலு, ஐந்தரை, ஆறு. மாசி முதல் வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, போட்டுத் தூங்கிய நாளில் ஏறலாம் என்றார். தேவராஜ் தன் பங்குக்கு ஒரு கணக்குச் சொன்னார்.

“அஞ்சு மணி நேரம். அதுக்குக் கீழ வந்தா நீயே சொல்லிடணும் மாமா. நான் வந்து மெஷின் பாக்க மாட்டேன்.”

முதல் மரம் உலுப்புவதற்கு முந்தின ராத்திரி காற்று அடித்தது. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. ராஜேந்திரன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்தார். விடியும்வரை கரண்ட் வரவில்லை. காலையில் வந்ததும் மெஷினைப் போட்டு அணைத்துப் பார்த்தார். இரண்டு மணி நாற்பது நிமிஷம்.

தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சகுந்தலா கூடையோடு பின்னால் போனாள். மரம் வரை இரண்டு கிலோமீட்டர். அவளும் எண்ணைப் பார்த்திருந்தாள். கேட்க வேண்டும் என்றிருந்தது, கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஒரு வருஷமாக அந்த நாளைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி கரண்ட் போனது எல்லா வீட்டிலும்தான். ஆனால் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்கே படுத்தேன் என்று சொன்னால் முடிந்தது.

மரத்தடியில் எல்லோரும் இருந்தார்கள். நானும் அன்றைக்குக் கூலிக்குப் போயிருந்தேன். அடிமரத்தைச் சுற்றிச் சருகைக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். தேவராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

“எவ்ளோ மாமா?”

ராஜேந்திரன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். போன வருஷம் தூங்கிய கவை அங்கேயேதான் இருந்தது. அதில் துண்டின் நூல் ஒன்று சிக்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. கொடியாகவும் இருக்கலாம்.

“ரெண்டே முக்கா கூட இல்ல,” என்றார்.

தொரட்டியைத் தானே தேவராஜிடம் நீட்டினார்.

தேவராஜ் வாங்கிக்கொண்டார். “அப்ப நீ கீழ நில்லு. பதில் குடு,” என்றார்.

பதில் சொல்வது பெண்களில் யாராவது ஒருவர் செய்யும் வேலை. பச்சையம்மா சும்மா இருக்கவில்லை. “இன்னாண்ணா, எங்க கூட்டத்துல சேந்துட்டியா? பொடவ குடுக்கட்டா?” என்றாள்.

“உன் பொடவ எனுக்குப் பத்தாது பச்சையம்மா. நான் வளந்த ஆளு,” என்றார் ராஜேந்திரன்.

அன்று பகல் முழுவதும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். மேலே ‘ஓவ்’ என்றால் கீழே ‘ஓ’. சில சமயம் ‘ஓ’ சொல்லாமல், “அதுல வைக்காத, எடது பக்கம் போ,” என்பார். தேவராஜ் இடது பக்கம் போவார். மத்தியானம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்ததில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இரண்டாம் நாள் காலையில் தேவராஜ் கேட்பதற்கு முன்பே, வரும் வழியிலேயே சகுந்தலா சொன்னாள்.

“ஆறு இருவது.”

“உன்னக் கேக்கல.”

“ஆறு இருவது,” என்றார் ராஜேந்திரன்.

தேவராஜ் தொரட்டியைக் கொடுத்தார். கீழே பதிலுக்கு அவரே நின்றார். ராஜேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டி, மரத்தை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். ஒரு வருஷம் ஏறாத கால், முதல் கவை வரை தயங்கியது. அதற்கு மேல் தயங்கவில்லை. பழங்கள் மழை பிடித்த மாதிரி விழுந்தன. மேலிருந்து, “தள்ளி நில்லுங்க,” என்றார். எல்லோரும் தள்ளி நின்றோம்.

மத்தியானம் இறங்கி வந்து கஞ்சி குடித்தார்கள். வெயில் இறங்கட்டும் என்று ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். பச்சையம்மா கூடையில் தலை வைத்தாள். சகுந்தலா புளிக் குவியலுக்குப் பக்கத்தில் முந்தானையை விரித்துப் படுத்தாள். தேவராஜ் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்தார்.

ராஜேந்திரன் மட்டும் வேரில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரவில்லை. மரத்தில் இன்னும் இரண்டு கிளை பாக்கி இருந்தது. அண்ணாந்து பார்த்தார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் ஏறவில்லை.

ஓரிடத்தில் தேவராஜின் குறட்டை நின்றது. ராஜேந்திரன் திரும்பினார். அவர் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நாலுக்குள் மூச்சு வந்துவிட்டது. தேவராஜ் புரண்டு படுத்தார்.

“இவனுக்கு ஒண்ணுமில்ல. வெறுங்குறட்டதான்,” என்றார் ராஜேந்திரன். பிறகு தொரட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் எழுந்திருக்கக் காத்திருந்தார்.